ஃபார்மட் போடும் முன்…

வீட்டுக் கணினி கோளாறானால் மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது ஊர்வழக்கமாகிவிட்டது. அதில் போவது என்னென்ன? மேல்சித்தாமூர், திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்திலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை.

டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் கால் வைக்கும் இடத்தில், பழைய போர்வை சுற்றிய சிபியு. வண்டி ஓட்டி வந்தவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. பின்னால் பிளஸ் டூ படிக்கும் பேத்தி. மேல்சித்தாமூரிலிருந்து திண்டிவனம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். மேடு பள்ளங்களில் எல்லாம் வண்டியை நிறுத்தி நிறுத்தி, பெட்டி குலுங்காமல் கொண்டுவந்திருக்கிறார்கள்.

“இன்னா ஆச்சி பெரியவரே?”

“நேத்து ராத்திரி கரன்ட் போய்ப் போய் வந்துச்சி தம்பி. அப்பலேர்ந்து வட்டம் சுத்திக்கினே கெடக்குது. உள்ளயே போவ மாட்டேங்குது.”

கடைக்காரர் ஒயரை மாட்டி, இரண்டு தரம் அணைத்துப் போட்டுப் பார்க்கிறார். “விண்டோஸ் அடிவாங்கியிருக்கு. ஃபார்மட் போட்டுடலாம். ஐந்நூறு ரூபா ஆவும். சாயங்காலம் வந்து எடுத்துக்குங்க.”

பெரியவர் தலையாட்டுகிறார். பேத்திக்கு மட்டும் பதற்றம். “அண்ணா, டெஸ்க்டாப்ல என் ஃபோல்டர் இருக்குது.”

“டி டிரைவ்ல வெச்சிருந்தா இருக்கும்மா. டெஸ்க்டாப்னா போயிடும்.”

அந்த ஃபோல்டரில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, நிலப் பட்டா ஆகியவற்றின் ஸ்கேன்கள் இருந்தன. அத்தை கல்யாணப் படங்கள் இருந்தன. தாத்தா பல வருடமாகத் தட்டித் தட்டிச் சேர்த்த கோயில் திருவிழா அழைப்பிதழ்களும் இருந்தன.

திண்டிவனத்திலோ செஞ்சியிலோ விழுப்புரத்திலோ எந்த சர்வீஸ் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாலும் இதே பேச்சு காதில் விழும். இரண்டு வாக்கியங்களில் ஒரு குடும்பத்தின் பத்து வருடக் காகிதமும் படமும் காணாமல் போகின்றன. பெட்டி மட்டும் பத்திரமாக வீடு திரும்புகிறது.

எப்படி வந்தது இந்தப் பெட்டி?

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம்தான் இந்தப் பகுதியின் பல வீடுகளுக்கு முதல் கணினியைத் தந்தது. தமிழக அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த அந்தக் கணினிகளில் தொடக்க ஆண்டுகளில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. 2018இல் பொறியியல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியது. பட்டா, சான்றிதழ், தேர்வு விண்ணப்பம் எல்லாம் அதே திசையில் போயின. பொழுதுபோக்குக்கும் படிப்புக்கும் வந்த பெட்டி, வீட்டின் பத்திரப் பெட்டியாகவும் ஆனது. இரும்புப் பீரோவுக்குச் சாவி போட்டு வைக்கும் நம் வீடுகளில், இந்தப் பெட்டிக்குள் இருப்பதற்கு இன்னொரு பிரதி எடுத்துவைக்கும் பழக்கம் மட்டும் வரவில்லை.

எதற்கெடுத்தாலும் ஃபார்மட் ஏன்?

கடைக்காரரைக் குறை சொல்லி முடித்துவிடுவது எளிது, ஆனால் நியாயமில்லை. ஒரு கணினி ஏன் திறக்கவில்லை என்று நோய் கண்டுபிடிக்க அரை நாள்கூட ஆகும். விண்டோஸைப் புதிதாக ஏற்ற ஒரு மணி நேரம் போதும். இரண்டுக்கும் அதே ஐந்நூறைத்தான் வாடிக்கையாளர் தருவார். அரை நாள் உட்கார்ந்து ஒரே ஒரு கெட்ட கோப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்தவரிடம், “சும்மா ஒரு பட்டனத் தட்டுனதுக்கு இவ்ளோவா?” என்று கேட்கிறவர்கள்தான் நம்மில் அதிகம். உழைப்புக்குக் கூலி கொடுக்காத இடத்தில் குறுக்குவழிதான் தொழில்முறையாகும்.

அந்தக் குறுக்குவழியில் என்ன நடக்கிறது? டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் என்று நாம் அன்றாடம் பார்க்கும் ஃபோல்டர்கள் எல்லாமே வழக்கமாக விண்டோஸ் இருக்கும் அதே சி டிரைவில்தான் இருக்கின்றன. விண்டோஸை அழித்தால் அவையும் சேர்ந்தே போகும். பெரும்பாலானோர் பொருள் வைக்கும் இடமும் அழிக்கப்படும் இடமும் ஒன்றாக இருக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இதில் சோகமான விஷயம், மென்பொருள் கோளாறு பலவற்றுக்கு இந்த அழிப்பு தேவையே இல்லை என்பதுதான். தொடங்கும்போதே இரண்டு மூன்று முறை அணைந்துபோனால் விண்டோஸ் தானாகவே மீட்புத் திரைக்குப் போகும். அங்கே ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ இருக்கிறது. போன வாரம் நன்றாக இருந்த நிலைக்குத் திரும்ப ‘சிஸ்டம் ரிஸ்டோர்’ இருக்கிறது, அது உங்கள் படங்களையும் கடிதங்களையும் தொடாது. கடைசியாக ஏறிய அப்டேட்டை மட்டும் கழற்றிவிடலாம். எதுவுமே ஆகாவிட்டால் ‘ரீசெட்’ என்பதில் ‘என் கோப்புகளை வைத்துக்கொள்’ என்று ஒரு வாய்ப்பு உண்டு. மென்பொருள்கள் போகும், கோப்புகள் நிற்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று. விண்டோஸ் திறக்காவிட்டாலும் ஹார்ட் டிஸ்க் உயிரோடுதான் இருக்கும். ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கினால், உள்ளே இருக்கும் ஃபோல்டர்கள் எல்லாம் திரையில் வந்து நிற்கும். இன்னொரு டிஸ்கில் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். எந்த சர்வீஸ் கடையிலும் இதைச் செய்யத் தெரிந்த ஒருவர் இருப்பார். நாம் கேட்பதில்லை, அவர் சொல்வதில்லை.

▪ பெட்டிச் செய்தி: கடைக்குத் தூக்கும் முன்

தேதி 2009, 2012 என்று காட்டி, எந்த இணையதளமும் ‘பாதுகாப்பற்றது’ என்று திறக்க மறுக்கிறதா? வைரஸ் என்று பயப்பட வேண்டாம். மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கலாம். தேதியைச் சரிசெய்தால் தளங்கள் திறக்கும். பேட்டரியை மாற்றினால் தேதி நிற்கும்.

திரை கறுப்பாகவே இருந்து ‘பீப்’ சத்தம் மட்டும் வந்தால், ரேம் சரியாக உட்காரவில்லை என்பது வழக்கமான காரணம். கரன்டை முழுதாகத் துண்டித்துவிட்டு, கழற்றி, அதன் பொன்னிற முனையைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பப் பொருத்துவார்கள்.

எல்லாமே ஆமை வேகமா? டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ‘டிஸ்க்’ 100 சதவீதத்திலேயே நின்றால், சுழலும் பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடுவதுதான் சரியான வைத்தியம். ஃபார்மட் போட்டால் ஒரு மாதம் வேகமாக ஓடிவிட்டுப் பழையபடி படுத்துக்கொள்ளும்.

டிஸ்கிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் உடனே அணையுங்கள். அது மென்பொருள் கோளாறு அல்ல. ஓட ஓட, மீட்க வாய்ப்பு குறையும்.

படியெடுத்தவர்களின் ஊர்

இந்தக் கட்டுரையை மேல்சித்தாமூரிலிருந்து தொடங்கியதற்குக் காரணம் உண்டு. செஞ்சி வட்டத்து இந்தச் சிற்றூர், தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இருக்கும் ஊர். பார்சுவநாதர் கோயிலும் மலைநாதர் கோயிலும் இங்கேதான். தமிழ்ச் சமணர்கள் இன்றும் விவசாயக் குடும்பங்களாக இந்தச் சுற்றுப்புறக் கிராமங்களில் வாழ்கிறார்கள்.

ஓலைச்சுவடிக்கு ஆயுள் சில நூறு ஆண்டுகள்தான். கரையான், ராமபாணப் பூச்சி, ஈரம் என்று எதிரிகள் ஏராளம். அதனால் ஏடு நைந்துபோகும் முன்பே இன்னொரு ஏட்டில் எழுதி வைத்தார்கள். சமணர்கள் அதை ஒரு அறமாகவே வைத்திருந்தார்கள். உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு சாஸ்திர தானமும் அவர்களுக்கு நால்வகைத் தானங்களில் ஒன்று. நூலைப் படியெடுத்துக் கொடுப்பது அதில் அடக்கம். 10ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் அத்திமப்பே என்ற சமணப் பெண்மணி, பொன்னன் எழுதிய சாந்தி புராணத்துக்கு 1,000 ஏட்டுப் பிரதிகள் எழுதவைத்து வழங்கினார். வைகாசி வாக்கில் வரும் ஸ்ருத பஞ்சமியில் சுவடிகளை வெளியே எடுத்து, தூசி தட்டி, பூசை செய்வது இன்றும் உள்ள வழக்கம். ஆண்டுக்கு ஒரு தரமாவது ஒவ்வொரு ஏடும் கண்ணில் பட்டுவிடும், எது செல்லரித்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சீவக சிந்தாமணி அச்சேறிய கதை எல்லோருக்கும் தெரியும். உ.வே.சாமிநாதையர் 1887இல் அதைப் பதிப்பித்தபோது, பல ஊர்ச் சுவடிகளை ஒப்பிட்டே பாடம் கண்டார். கும்பகோணத்துச் சந்திரநாத செட்டியார் போன்ற சமணர்கள் அவருக்குப் பொருள் விளக்கம் தந்தார்கள். ஒரே ஒரு பிரதி மட்டும் ஒரே ஒரு வீட்டில் இருந்திருந்தால் அந்தக் காப்பியம் நமக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

கணினித் துறை இதையே ‘3-2-1’ என்று சொல்கிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். மேல்சித்தாமூர்க்காரருக்கு இதைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. அவர் முன்னோர் ஓலையில் செய்ததைப் பேத்தியின் ஃபோல்டருக்கும் செய்யவேண்டும், அவ்வளவுதான்.

அக்டோபர் 14க்குப் பிறகு

ஃபார்மட் கடைகளில் கூட்டம் கூடியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. கணினி அன்றோடு நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு அடைப்பு வராது. விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறைச் செயலி வேண்டும், அதாவது ஏறக்குறைய 2017 கடைசியில் இருந்து வந்தவை. விலையில்லாத் திட்டத்தின் முதல் சில ஆண்டுகளில் வந்த மடிக்கணினி எதுவும் இந்தக் கோட்டைத் தாண்டாது.

இந்த இடத்தில்தான் ‘எப்படியாவது 11 ஏத்தித் தரேன்’ என்ற பேச்சு எழுகிறது. தகுதிச் சோதனையை ஏமாற்றி ஏற்ற வழிகள் இருக்கின்றன என்பது உண்மை. அப்படி ஏற்றிய கணினிக்குத் தொடர்ந்து அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை என்பதும் உண்மை. என் கருத்தில், வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் பெட்டியில் இந்தச் சோதனை வேண்டாம். வேறு இரண்டு வழிகள் உள்ளன. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அமைப்புகளை அதில் காப்பு எடுக்கச் சம்மதித்தால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகள் செலவில்லாமல் தொடரும். ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்திலேயே அதற்கான பொத்தான் இருக்கும். இரண்டாவது வழி லினக்ஸ். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆதரவு நின்ற கணினியில் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு 2017 மே 12ஐ நினைவூட்டலாம். ‘வான்னாக்ரை’ என்ற புழு அன்று ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள்.

கிராக் போட்ட வினை

புதிதாக ஏற்றிக் கொடுக்கும்போது கூடவே வருபவை: ஆக்டிவேட்டர் போட்ட விண்டோஸ், கிராக் போட்ட ஆபீஸ், கிராக் போட்ட ஃபோட்டோஷாப். இவற்றை ஓட்டுவதற்கு முன் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். அந்தச் சில நிமிடங்கள்தான் திருடன் உள்ளே வரும் நேரம்.

2018 முதல் பரவிய ‘ஸ்டாப் டிஜேவியு’ என்ற பணப்பறிப்பு நிரல் குறிவைத்தது வங்கிகளை அல்ல, வீட்டுக் கணினிகளை. அது பரவிய முக்கிய வழி, இலவசக் கிராக்கும் சாவி உருவாக்கும் நிரல்களும். இந்திய வீடுகளும் அதில் நிறையச் சிக்கின. ஒருநாள் காலையில் பார்த்தால் எல்லாப் படங்களின் பெயருக்குப் பின்னும் புரியாத நான்கு எழுத்து ஒட்டியிருக்கும், எதுவும் திறக்காது. கூடவே ஒரு கடிதம்: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் என்றால் 490 டாலர். ஃபோட்டோஷாப்புக்குக் காசு கொடுக்க முடியாத வீட்டில் கல்யாணப் படங்களுக்கு விலை கேட்கிறார்கள்.

2019இல் எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் இதற்கு இலவசப் பூட்டுத்திறப்பு நிரல் வெளியிட்டது. அதற்குப் பின் வந்த வகைகளில் சிலவே திறக்கும். ஆனாலும், அப்படிப் பூட்டப்பட்ட கோப்புகளை அழிக்காமல் ஒரு டிஸ்கில் ஒதுக்கி வைப்பது நல்லது. சாவிகள் பிறகு வெளிவந்த சம்பவங்கள் இந்தத் துறையில் உண்டு. ஃபார்மட் போட்டவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

▪ பெட்டிச் செய்தி: திரையில் போன் நம்பர் வந்தால்

‘உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்’ என்று சைரன் சத்தத்தோடு முழுத்திரை வந்தால், அது மோசடி. மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச் செய்தியில் தொலைபேசி எண் இருக்காது. ஆல்ட், எஃப்4 சேர்த்து அழுத்துங்கள். போகாவிட்டால் கணினியை அணைத்துவிட்டுப் போடுங்கள். சொன்னார்கள் என்று எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவற்றை நிறுவிக் கணினியைக் கைமாற்றிவிடாதீர்கள். இப்படிப்பட்ட கும்பல்களைக் குறிவைத்து சிபிஐ 2023 அக்டோபரில் ‘ஆபரேஷன் சக்ரா 2’ நடத்தியது. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

பாமினியில் தூங்கும் பக்கங்கள்

ஃபார்மட்டால் வரும் இழப்புகளில் தமிழர்களுக்கே உரிய ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நம் தாத்தாக்களும் டிடிபி சென்டர்களும் தட்டி வைத்த பழைய கோப்புகள் யூனிகோடில் இல்லை. பாமினி, வானவில், டாம், டாப், டிஸ்கி என்று ஆளுக்கொரு குறியேற்றம். தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் குறியேற்றங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றது. 2010இல்தான் யூனிகோடுக்கு மாறியது. வீடுகளில் மாற்றம் இன்னும் மெதுவாக நடந்தது.

ஃபார்மட் போட்டதும் அந்தப் பழைய எழுத்துருக்கள் போய்விடும். டி டிரைவில் தப்பித்த கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும். பாமினியில் ‘அம்மா’ என்று தட்டிய சொல், எழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். “ஃபைல் கரப்ட் ஆயிடுச்சி” என்று கடையில் சொல்வார்கள். வீட்டுக்காரர் நம்பி அழித்துவிடுவார். உண்மையில் ஒரு எழுத்துகூடக் கெடவில்லை. அந்த எழுத்துருவைத் திரும்ப நிறுவினால் அம்மா திரும்ப வருவாள். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகளில் போட்டால் யூனிகோடாகவே மாறிவிடும், பிறகு எந்தக் கணினியிலும் எந்தப் போனிலும் படிக்கலாம்.

ஊர்க் கோயில் வரலாறு, குலவரிசை, ஒப்பாரி, நாடகப் பிரதி என்று எத்தனையோ இப்படிக் கிடக்கின்றன. திண்டிவனம் வட்டாரத்துப் பழைய டிடிபி சென்டர்களின் டிஸ்குகளைத் தேடினாலே நல்லதொரு உள்ளூர் ஆவணக் காப்பகம் கிடைக்கும். இந்த வேலையைக் கல்லூரித் தமிழ்த் துறைகள் எடுத்துச் செய்யவேண்டும் என்று உரக்கச் சொல்ல விரும்புகிறேன். ஹார்ட் டிஸ்குகள் வரிசையாகச் செத்துக்கொண்டிருக்கின்றன, அவற்றுக்கு ஓலையின் ஆயுள்கூடக் கிடையாது.

போனதை எடுக்க முடியுமா?

அது எந்த ஃபார்மட் என்பதைப் பொறுத்தது. ‘குவிக் ஃபார்மட்’ கோப்புகளின் அட்டவணையை மட்டும் புதிதாக்கும். பழைய ஹார்ட் டிஸ்கில் தரவு அடியில் அப்படியே கிடக்கும். அதன்மேல் எதையும் எழுதாமல் இருந்தால், டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவச நிரல்கள் பெரும்பகுதியைத் தோண்டி எடுத்துவிடும். முழு ஃபார்மட் அப்படியல்ல. விண்டோஸ் விஸ்டா முதல் அது மொத்த இடத்தையும் பூஜ்ஜியத்தால் நிரப்புகிறது. எஸ்எஸ்டியில் நிலைமை இன்னும் கடினம். அழிக்கப்பட்ட இடத்தை அது தானே துடைத்துவிடும்.

அதனால் தவறு நடந்தது தெரிந்த நொடியே அந்தக் கணினியை அணைத்துவிட வேண்டும். அதிலேயே மீட்பு நிரலை இறக்கினால், இறங்கும் நிரலே உங்கள் படங்களின் மேல் உட்காரலாம்.

புதிய மடிக்கணினிகளில் இன்னொரு பொறி உண்டு. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக ஏற்றி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டிக் குறியாக்கப்படுகிறது. மதர்போர்டு மாற்றினாலோ வேறு சில பழுதுகளிலோ 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி, கணினியை முதலில் தொடங்க எந்தக் கணக்கைப் பயன்படுத்தினார்களோ அந்தக் கணக்கில் போய் உட்காரும். கடைக்காரர் அவசரத்துக்குத் தன் மின்னஞ்சலைப் போட்டுத் தொடங்கியிருந்தால், உங்கள் வீட்டுச் சாவி அவரிடம்! கணினியை வாங்கிய அன்றே சொந்தக் கணக்கில் நுழைந்து, அந்த 48 இலக்கத்தைத் தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள்.

மழை வந்தபோது

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், விழுப்புரம் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. அதே மாவட்டத்து ஊர்தான் மயிலம். அங்கே ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. மல்லாட்டையும் நெல்லும் போன கணக்கை அதிகாரிகள் எடுத்தார்கள். வீட்டுக்குள் தரையில் வைத்திருந்த சிபியுக்களோடு என்ன போனது என்று யார் எழுதுவது?

நனைந்த கணினியைக் ‘காய்ந்துவிட்டதா’ என்று போட்டுப் பார்ப்பதுதான் பெரும்பாலும் அதைக் கொல்கிறது. கரன்ட் கொடுக்காமல் அப்படியே நிபுணரிடம் கொண்டுபோனால் டிஸ்கைக் காப்பாற்ற வழியுண்டு. வேறு ஊரில் இருக்கும் மகள் வீட்டில் ஒரு டிஸ்க், அல்லது இணையத்தில் ஒரு பிரதி இருந்தால் இந்தக் கவலையே இல்லை. கூகுள் கணக்கில் 15 ஜிபியும், ஒன்டிரைவில் 5 ஜிபியும் காசில்லாமல் கிடைக்கின்றன. சான்றிதழ்களுக்கும் பட்டாவுக்கும் அது தாராளம்.

விழுப்புரம் காட்டும் வழி

இந்த மாவட்டத்துக்குப் பெருமை தரும் ஒரு விஷயம், விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு. ‘விக்ளக்’ என்று அழைக்கப்படும் இந்தத் தன்னார்வ அமைப்பு 2013 முதல் கட்டற்ற மென்பொருளைக் கிராமப்புற மாணவர்களுக்குக் கற்றுத்தருகிறது. கணினி என்பது கடைக்காரருக்கு மட்டும் தெரிந்த மர்மம் அல்ல என்பதை அரசுக் கல்லூரிப் பிள்ளைகள் அங்கே கையால் தொட்டுக் கற்கிறார்கள்.

விண்டோஸ் 11 ஏறாத பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை செலவில்லாமல் ஏறும், கிராக் தேடவேண்டிய அவசியமும் இல்லை. தமிழில் தட்டலாம், லிப்ரே ஆபீஸில் கடிதம் எழுதலாம், இணையத்தில் விண்ணப்பிக்கலாம். விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருளோ குறிப்பிட்ட பிரின்டரோ இருப்பவர்கள், முதலில் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்து முடிவெடுக்கலாம். பக்கத்துக் கேரளத்தின் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் ஓடுகின்றன. நம் மடிக்கணினிகளிலும் பாஸ் லினக்ஸ் வந்தது. ஆனால் அதைக் கற்றுத்தர ஆளில்லாமல், கடைக்குப் போன முதல் ஃபார்மட்டிலேயே பலவற்றில் அது காணாமல் போனது.

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது கையடக்கக் கணினி தருவதாக 2025-26 மாநில பட்ஜெட் அறிவித்தது, அதற்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு. கணினியைக் கையில் கொடுக்கும் நாளிலேயே ஒரு மணி நேர வகுப்பு வேண்டும்: மீட்புச் சாவி எங்கே இருக்கிறது, பென் டிரைவிலிருந்து எப்படித் தொடங்குவது, எந்த ஃபோல்டரை எங்கே படியெடுப்பது. உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கும் அரசுப் பள்ளிகளில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கே இதைச் சொல்லித்தரலாம்.

சர்வீஸ் கடைகளும் ஒரு மாற்றம் செய்யலாம். பெட்டியை வாங்கும்போது எழுதித் தரும் சீட்டில் ‘டேட்டா எடுத்தாச்சு’ என்று ஒரு வரி சேர்த்து, வாடிக்கையாளரின் கையெழுத்து வாங்கிய பிறகே ஃபார்மட்டைத் தொடவேண்டும். டேட்டா எடுக்கும் அந்த வேலைக்குத் தனிக் கூலி கேட்கட்டும், நாம் பேரம் பேசாமல் கொடுப்போம்.